இராஜ சிப்பிக் காளானை ஆயத்தப் பையில் வளர்த்தல்

பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் கூடும் இடத்தில் நின்று நோக்கினால், காப்பியும், மலைவாழையும், ஆரஞ்சும், வெண்ணெய்ப்பழ மரங்களும் அடர்ந்த சரிவுகளே கண்ணிற்படும். இவை யாவும் நட்டபின் பல மாதங்களோ பல ஆண்டுகளோ காத்திருந்து பலன் பெறவேண்டிய பயிர்கள். வீட்டின் ஓர் அறையில், ஒரு முழ இடத்தில், மூன்று வாரங்களுக்குள் உணவாகிவிடும் பயிர் ஒன்று உண்டென்று சொன்னால், குடியானவர்கள் முதலில் நகைப்பதும் பின்னர் விவரம் கேட்பதும் இயல்பு. அத்தகைய பயிர் இராஜ சிப்பிக் காளான்.

இக்கட்டுரையின் நோக்கம் இரண்டு. பூசண இழை படர்ந்து முற்றுப்பெற்ற நிலையில் விலைக்குக் கிடைக்கும் ஆயத்தப் பையைக் கொண்டு இக்காளானை வீட்டில் வளர்க்கும் முறையைப் படிப்படியாகக் கூறுதல் ஒன்று. அத்தகைய ஒரு பையைக் கொண்டு பாடம் கற்றுக்கொள்ளும் முன்னர், காளான் கொட்டகை போடுவதற்கென்று எவரும் கடன் வாங்கலாகாது என்பதை வற்புறுத்துதல் மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே முக்கியமானது.

1. காளானின் இயல்பு

காளான் செடியன்று. அதற்கு இலையில்லை; பச்சையமில்லை. ஆகையால் சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் சக்தியும் அதற்கில்லை. மரத்தூள், வைக்கோல், தவிடு முதலிய பொருள்களை மக்கச் செய்து, அவற்றிலிருந்தே தன் ஆகாரத்தைப் பெறுகிறது. நாம் உண்ணும் குடையும் தண்டும் அதன் கனி போன்றவை. அதன் உடலோ, மரத்தூளினூடே பஞ்சுபோலப் படர்ந்து செல்லும் வெண்மையான பூசண இழைகளே. மாமரத்திற்கு மாங்கனி எத்தகையதோ, இழைகளுக்குக் காளான் அத்தகையது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாதெனில், இழைகள் நிறைந்த பைக்கு நாம் எருவிடவேண்டியதில்லை என்பதே. வேண்டிய ஆகாரம் அனைத்தும் பையினுள்ளேயே இருக்கிறது. நாம் கொடுக்கவேண்டியவை நான்கு மட்டுமே: குளிர்ச்சி, ஈரமான காற்று, தூய்மையான காற்று, மங்கிய வெளிச்சம். காளானும் நம்மைப் போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அடைத்துப் பூட்டிய அறையில் மனிதனுக்கு மூச்சுமுட்டுவது போலவே அதற்கும் முட்டும். “ஐயா, இதற்கு என்ன உரம் போடவேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு நான் கூறும் விடை, “சன்னலைத் திறந்து வையுங்கள்” என்பதே.

2. இக்காளானின் வரலாறு

இராஜ சிப்பிக் காளானின் சாஸ்திரப் பெயர் புளூரோட்டஸ் எரின்ஜியை. தென் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, மத்திய ஆசியா ஆகிய இடங்களிலுள்ள புல்வெளிகளே இதன் தாயகம். அங்கே எரின்ஜியம் என்னும் முட்செடியின் வேர்களைப் பற்றி இது வளர்வதனால் இப்பெயர் வந்தது. 1815ஆம் ஆண்டில் டி கண்டோல் என்னும் தாவர சாஸ்திரி இதனை முதன்முதலாக விவரித்தெழுதினார். வட இந்தியாவில் இதனைக் ‘காபூல் டிங்ரி’ என்பர். 1990ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் இதனைக் குளிரூட்டிய அறைகளில் புட்டிகளில் வளர்க்கத் தொடங்கினர். பின்னர்க் கொரியா, சீனா முதலிய நாடுகளிலும் இது பெருந்தொழிலாயிற்று.

நம் நாட்டில் காளான் வளர்ப்புப் புதிதன்று. 1943ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் கே. எம். தாமஸ், டி. எஸ். இராமகிருஷ்ணன், ஐ. எல். நரசிம்மன் ஆகிய மூவரும் வைக்கோற் காளானை வளர்க்கும் முறையைச் சென்னை விவசாய சஞ்சிகையில் வெளியிட்டனர். 1962ஆம் ஆண்டில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஸக்கியா பானுவும் எச். சி. ஸ்ரீவாஸ்தவாவும் நெல் வைக்கோலில் சிப்பிக் காளானை வளர்க்கும் முறையை விளக்கினர். இமாசலப் பிரதேசத்துச் சோலனில் காளானுக்கென்றே 1983ஆம் ஆண்டில் தேசிய நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. அது 2008ஆம் ஆண்டு முதல் இயக்குநரகமாக விளங்குகிறது.

சாதாரணச் சிப்பிக் காளானுக்கும் இராஜ சிப்பிக் காளானுக்கும் உள்ள வேற்றுமையை நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். முன்னது வெந்நீரில் ஊறவைத்த வைக்கோலிலேயே செழிக்கும். குடை அகன்றும் தண்டு குறுகியும் இருக்கும். சமவெளியின் உஷ்ணத்தையும் அதன் சில இரகங்கள் பொறுக்கும். பின்னதற்கு மரத்தூளுடன் தவிடு கலந்த வளமான ஆகாரம் வேண்டும். அவ்வளம் காரணமாக வேறு பூசணங்களும் அதனை நாடிவரும். ஆகையால் அதனை அழுத்த நீராவியில் வேகவைத்து, முற்றிலும் கிருமி நீக்கிய பின்னரே வித்திடவேண்டும். அதன் தண்டு பருத்து, வெண்மையாய், சதைப்பற்றுடன் இருக்கும், குடை சிறியது, தண்டே உணவாகும் முக்கிய பாகம். கிருமி நீக்கும் சாதனமும் வித்திடும் தனியறையும் சாமானியரிடத்தில் இல்லாமையால், அக்கடினமான பாதியை ஆய்வுக்கூடத்தார் முடித்துக் கொடுப்பதே ஆயத்தப் பை. எளிதான பாதி நம்முடையது. எளிதெனினும் அலட்சியத்திற்கு இடங்கொடாதது.

3. இடமும் பருவமும்

இழை படர்வதற்கு 22 முதல் 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் தகும். ஆனால் காளான் மொட்டுவிடுவதற்கு 12 முதல் 18 டிகிரி, அதாவது 54 முதல் 64 டிகிரி பாரன்ஹீட்டு, வேண்டும். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையிலேயே இத்தொழிலின் இலாபமும் நஷ்டமும் அடங்கியுள்ளன. உஷ்ணமான இடத்தில் இழை செழித்து நிற்கும். பை வெள்ளைவெளேரென்று கண்ணைக் கவரும். ஆயினும் ஒரு மொட்டும் வராது.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஆண்டின் பெரும்பகுதியிலும் இக்குளிர்ச்சி வீட்டினுள்ளேயே கிடைக்கும். அதற்குக் கீழேயுள்ள பெருமாள்மலையில் சித்திரை, வைகாசி மாதங்களின் பகற்பொழுது இதற்கு ஏற்றதன்று. ஐப்பசி தொடங்கி மாசி வரையுள்ள காலமே சிறந்தது. அக்காலத்தினுள்ளும் ஒரு பேதம் உண்டு. பழனி மலைகளுக்கு வடகிழக்குப் பருவமழை மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் தானே நிறைந்திருக்கும்; அப்பொழுது நம் கவலை காற்றோட்டத்தைப் பற்றியது. தை, மாசியில் குளிர் போதும். ஆனால் காற்று வறண்டது. அப்பொழுது நம் கவலை ஈரத்தைப் பற்றியது. ஒரே வீட்டில், ஒரே பையை, இரண்டு பருவங்களில் இரண்டு விதமாகப் பேணவேண்டியிருக்கும்.

ஆகவே பையை வாங்கும் முன்னர் ஓர் உஷ்ணமானியை வாங்குக. பை வைக்க உத்தேசித்த இடத்தில் அதனைத் தொங்கவிட்டு, காலை 6 மணிக்கும், பிற்பகல் 2 மணிக்கும், இரவு 9 மணிக்கும் பதினைந்து நாட்கள் குறித்து வருக. பிற்பகற் கணக்கு 20 டிகிரியைத் தாண்டாதிருந்தால் அவ்விடம் தகுதியானது. தாண்டினால் வேறு அறையைப் பார்க்கவேண்டும். அல்லது வேறு மாதம் வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். வடக்கு நோக்கிய அறை, மண்சுவர் அறை, கருங்கற் கட்டடத்தின் கீழ்த்தளம் ஆகியவை நல்லவை. தகரக் கூரையின் கீழுள்ள அறையும், அடுப்புப் புகை வந்து நிறையும் இடமும் ஆகா.

4. நான் செய்த ஒரு பிழை

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுதல் கடமையாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெருமாள்மலையில் நடந்த ஒரு செயல் விளக்கத்தில், இப்பையைத் திறந்து காட்டி, “நிழலும் நீரும் இருந்தால் போதும்; மூன்று வாரத்தில் காளான்” என்று கூறினேன். கூட்டத்தில் மலையடிவாரத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த நிலச்சுவான்தார் ஒருவரும் இருந்தார். அவர் ஊர் எது, வீடு எத்தகையது என்று நான் விசாரிக்கவில்லை. அவர் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்க்க வைத்திருந்த பணத்தைக் கொண்டு ஐம்பது பைகள் வாங்கி, தென்னந்தோப்பின் நடுவே கீற்றுக் கொட்டகை போட்டு, பங்குனி மாதத்தில் அடுக்கிவைத்தார்.

ஒரு மாதம் கழித்து என்னை அழைத்துச் சென்று காட்டினார். கொட்டகை துடைத்து வைத்தாற்போலச் சுத்தமாயிருந்தது. தரையில் மணல் பரப்பி நாள்தோறும் நீர் தெளித்திருந்தார்கள். ஒரு பையிலும் மொட்டு இல்லை. பாதிப் பைகளில் பச்சைப் பூசணம் ஏறியிருந்தது. அவர் கோபங் கொள்ளவில்லை. “தாங்கள் சொன்னபடியேதான் செய்தோம், ஐயா” என்று மட்டும் கூறினார். அவருடைய மனைவியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அதனை அருந்துவது எனக்கு அன்று எளிதாயிருக்கவில்லை.

அவர் கூறியது உண்மை. நான் சொன்னபடியே செய்திருந்தார். குளிர்ச்சி என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை, அவ்வளவே. மலையில் நின்று பேசுகிறவனுக்குக் குளிர் இருப்பதே தெரிவதில்லை. அது எங்கும் உள்ளதென்று எண்ணிவிடுகிறான். அன்று முதல், கேட்பவருடைய ஊரையும் அவ்வூரின் உஷ்ணத்தையும் கேட்காமல் எப்பயிருக்கும் யோசனை கூறுவதில்லை என்று உறுதிகொண்டேன். கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் காளானுக்கென்று கடன் மனு வரும்பொழுது, மனுதாரர் ஒரு பையையாவது தம் வீட்டில் வளர்த்துப் பார்த்தாரா என்று முதலிற் கேட்பார்களாக.

5. பையைத் தெரிந்தெடுத்தல்

நல்ல பை கையில் எடுத்தால் கனமாகவும் இறுகியும் இருக்கும். இழை அடிமுதல் மேல்வரை ஒரே வெண்மையாய்ப் படர்ந்திருக்கும். மணம் புதுக் காளானின் மணமாக இருக்கும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறப் புள்ளிகள் காணப்பட்டாலும், புளிப்பு நாற்றம் வீசினாலும், அடியில் மஞ்சள் நீர் மிகுதியாகத் தேங்கியிருந்தாலும் அப்பையை ஏற்கலாகாது. வித்திட்ட தேதி குறிக்கப்பெற்றுள்ளதா என்று பார்க்கவேண்டும். இழை முற்றிலும் படர 35 முதல் 40 நாட்கள் வரை செல்லும். அது முற்றுமுன் பையைத் திறந்தால் மகசூல் குறையும். வாங்கிய பையை உடனே திறக்க இயலாவிடில் குளிர்ப்பெட்டியில் சில நாட்கள் வைக்கலாம். வெயிலில் நின்ற பேருந்தின் மேற்கூரையில் கொண்டுவந்த பை கெட்டுப்போயிருக்கக் கூடும். ஆகையால் கீழிருந்து மலைக்குக் கொண்டுவருபவர்கள் இரவுப் பிரயாணத்தை மேற்கொள்வது நலம்.

6. செய்முறை

முதற் படி: கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கத்தியையும் கரண்டியையும் கொதிநீரில் இட்டெடுக்கவேண்டும்.

இரண்டாம் படி: பையின் வாயைத் திறக்கவேண்டும். சாதாரணச் சிப்பிக் காளானுக்குப் பையின் பக்கங்களில் கீறுவது வழக்கம். இதற்கு அவ்வாறு செய்யலாகாது. இது மேற்பரப்பிலிருந்தே எழுவது. மேலே தடித்துப் பழுத்துக் கிடக்கும் பழைய இழைத் தோலைக் கரண்டியால் மெல்லியதாகச் சுரண்டி எடுத்துவிடவேண்டும். சுரண்டிய பரப்பில் புதிய இழை ஒரே சமயத்தில் தழைத்து, மொட்டுகளும் ஒரே சமயத்தில் தோன்றும்.

மூன்றாம் படி: பையின் மேற்பகுதிக் காகிதத்தை வெட்டி எறியாமல், மேலே நிமிர்த்தி, வாயைச் சற்றே திறந்தபடி விடவேண்டும். சுரண்டிய பரப்பு உலராமல் இது காக்கும். உள்ளே தங்கும் கரியமில வாயு தண்டு பருத்து நீள உதவும். முன்னர்க் காற்றோட்டம் வேண்டுமென்று கூறியதற்கு இது முரணன்று. சிறிதளவு தங்கினால் தண்டுக்கு நன்மை. மிகுதியாகத் தங்கினால் குடையே உண்டாகாது கேடு. வாய் முற்றிலும் மூடியிருத்தலும் கூடாது. முற்றிலும் திறந்திருத்தலும் கூடாது என்பதே இதன் கருத்து.

நான்காம் படி: ஈரம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 85 முதல் 90 வரை இருக்கவேண்டும். பையைச் சுற்றி ஈரச் சாக்குத் துணியைத் தொங்கவிட்டு, அகன்ற தாம்பாளத்தில் நீர் வைத்தால் இது பெரும்பாலும் கைகூடும். தெளிப்பானால் நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை, சுவரிலும் சாக்கிலும் பையின் உட்பக்கக் காகிதத்திலும் பனிபோல் தெளிக்கலாம். மொட்டின் மேல் நேராகத் தெளிக்கலாகாது. பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்திலேயே. காய்கறிச் செடிக்கு நீர் வார்க்கும் கை காளானுக்கும் வார்த்துவிடுகிறது. குடையின் மேல் நீர் தேங்கி உலராமல் நின்றால் பாக்டீரியா பற்றி, பழுப்பு மஞ்சள் நிறத் தழும்புகள் உண்டாகி அழுகும். சிப்பிக் காளான் வகைகளுள் இந்நோய்க்கு மிகவும் இலக்காவது இதுவே.

ஐந்தாம் படி: காற்று. காலையும் மாலையும் கால்மணி நேரம் சன்னலைத் திறந்து அறைக் காற்றை மாற்றவேண்டும். பை சன்னலுக்கு நேராக இருக்கலாகாது. வீசும் காற்று பட்டால் மொட்டு உலரும். சன்னலுக்குக் கம்பி வலை அடிப்பது இம்மலைக்கு இன்றியமையாதது. காளான் ஈக்கள் நுழையாமல் இருப்பதற்கும், குரங்குகள் பையைத் தூக்கிச் செல்லாமல் இருப்பதற்கும் அதுவே காவல்.

ஆறாம் படி: வெளிச்சம். புத்தகம் படிக்கப் போதுமான மங்கிய வெளிச்சம் பகலில் எட்டு மணி நேரம் கிடைத்தால் போதும். நேர் வெயில் படலாகாது. முழு இருட்டும் ஆகாது. இருட்டில் குடை வெளிறி உருக்குலையும்.

7. நாட்கணக்கு

பையைத் திறந்த முதல் நான்கைந்து நாட்களில் சுரண்டிய பரப்பு மீண்டும் வெண்மையாகும். ஏழு முதல் பத்து நாட்களுக்குள் நீர்த்துளிகளிடையே கடுகளவும் மிளகளவுமான சாம்பல் நிற மொட்டுகள் தோன்றும். அவை சுண்டுவிரல் நுனியளவு வந்தவுடன் களையெடுப்பு அவசியம். ஒரு பையில் இருபது முப்பது மொட்டுகள் தோன்றினும், நன்கு திரண்ட மூன்று நான்கை நிறுத்தி, ஏனையவற்றைக் கத்தி முனையால் அகற்றிவிடவேண்டும். மனம் வராத காரியம். ஆயினும் மாமரத்தில் பிஞ்சு உதிர்வதும், சோளக் கொல்லையில் பயிர் கலைப்பதும் நாம் அறியாதவை அல்ல. கலைக்காத பையில் விரலளவுக் காளான்கள் கூட்டமாக வரும்; கலைத்த பையில் கைப்பிடியளவுத் தண்டுகள் வரும். சந்தையில் மதிப்புப் பெறுவது பின்னதே.

களையெடுத்தபின், மேற்காகிதத்தைச் சிறிது சிறிதாகக் கீழே மடித்துக் காற்றை மிகுவிக்கவேண்டும். மேலும் ஏழெட்டு நாட்களில் அறுவடைக்கு வரும். ஆகத் திறந்த நாள் முதல் அறுவடை வரை 15 முதல் 20 நாட்கள் என்று கொள்ளலாம். குளிர் மிகுந்த இடத்தில் சில நாட்கள் கூடும்.

8. காளான் காட்டும் குறிகள்

மாட்டின் கண்ணைப் பார்த்து நோயறிவது போல, காளானின் உருவத்தைப் பார்த்து அதன் குறையை அறியலாம்.

தண்டு நீண்டு மெலிந்து, குடை ஊசித்தலை போலிருந்தால் காற்றோட்டம் போதவில்லை. குடை அகன்று தண்டு குட்டையாயிருந்தால் பையின் வாய் அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது. குடையின் மேல் வெடிப்புகள் காணப்பட்டால் காற்று வறண்டது. மொட்டுகள் மஞ்சளாகிச் சுருங்கினால் நீர் நேராகப் பட்டிருக்கலாம், அல்லது வெப்பம் திடீரென்று ஏறியிருக்கலாம். இரண்டு வாரமாகியும் மொட்டே தோன்றாவிடில் உஷ்ணமானியைப் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதிலேயே விடை கிடைக்கும். பச்சைப் பூசணம் சிறு புள்ளியாகத் தோன்றினால், ஈரத் துணியால் மூடி, சுற்றிலும் ஓர் அங்குலம் சேர்த்து வெட்டியெடுக்கலாம். பரவிவிட்டால் பையை வீட்டிற்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிடவேண்டும். எக்காரணம் பற்றியும் பையின் மேல் பூசணக்கொல்லி மருந்து அடிக்கலாகாது. காளானே ஒரு பூசணம் என்பதையும், அது நம் உணவு என்பதையும் மறத்தலாகாது.

9. அறுவடையும் உபயோகமும்

குடையின் விளிம்பு உள்நோக்கி வளைந்து, இன்னும் முற்றிலும் விரியாத நிலையில் அறுவடை செய்யவேண்டும். விளிம்பு மேல்நோக்கித் திரும்பினால் வித்துத்தூள் உதிரத் தொடங்கும், தண்டு நார்ப்பற்றாகும். அத்தூளைப் பலகாலும் சுவாசிப்பவர்க்கு இருமலும் மூச்சிரைப்பும் வருவதுண்டு. ஆகையால் ஆஸ்துமா உடையவர்கள் படுக்கும் அறையில் பையை வைக்கலாகாது. தண்டின் அடியைப் பிடித்து மெல்லத் திருகினால் காளான் கையோடு வந்துவிடும். அடியில் துண்டு தங்கினால் அழுகி நோய்க்கு இடமாகும்.

இக்காளான் சாதாரணச் சிப்பிக் காளானைப் போல விரைவில் வாடுவதில்லை. காகிதத்தில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரத்திற்குக் குறையாமல் இருக்கும். தொலைவிலுள்ள நகரச் சந்தைக்கு அனுப்புவோருக்கு இது பெரும் அனுகூலம். பச்சையாக உண்ணலாகாது. தண்டை நீளவாக்கில் வில்லைகளாக அரிந்து, எண்ணெயோ நெய்யோ சிறிதளவு விட்டு வதக்கி, மிளகுத்தூளும் நம் மலைப் பூண்டும் சேர்த்தால் உண்பதற்கு இனிது. சமைக்குமுன் அரிந்த வில்லைகளைச் சிறிது நேரம் வெயிலில் வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருள் வைட்டமின் டி ஆக மாறும்.

முதல் அறுவடைக்குப்பின் மேற்பரப்பை மீண்டும் சுரண்டி, ஒரு மணி நேரம் சுத்த நீர் ஊற்றிவைத்து, நன்கு வடித்துவிட்டு, முன்போலப் பேணினால் இரண்டு மூன்று வாரங்களில் இரண்டாம் மகசூல் கிடைக்கலாம். அது முதலதைவிடக் குறைவாகவே இருக்கும். மூன்றாவதை எதிர்பார்த்துப் பையை வைத்திருப்பது ஈக்களுக்கு விருந்து வைப்பதாகும். ஓய்ந்த பையின் மரத்தூளை உதிர்த்து எருக்குழியிற் சேர்த்தால் காப்பிக்கும் காய்கறிக்கும் நல்ல எருவாகும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்தெடுத்துச் சேகரித்துக் கொடுக்கவேண்டும். சாலையோரத்தில் எறிந்தால், தவிட்டின் மணத்திற்காகக் காட்டு மாடுகள் அதனையும் சேர்த்து விழுங்கிவிடும்.

10. கணக்கு

மகசூலை மதிப்பிடும் முறையை ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். பையின் ஈர எடையை வைத்துக் கணக்கிடலாகாது. அதிலுள்ள உலர்ந்த பொருளின் எடையை வைத்தே கணக்கிடவேண்டும். 2 கிலோ எடையுள்ள பையில் நூற்றுக்கு 62 பங்கு நீர் என்று கொண்டால், உலர்ந்த பொருள் 760 கிராம். அதில் பாதியளவு எடைக்குப் புதுக் காளான் கிடைப்பதாகக் கொண்டால் 380 கிராம். இது நடுத்தரமான மதிப்பு. பேணுதல் நன்றாயிருந்தால் கூடும். குறைந்தால் ஒன்றுமே வராமலும் போகும். “ஒரு பையில் ஒரு கிலோ” என்று கூறி விற்பவர்களின் வாக்கை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

இக்கணக்கின்படி, கடையில் ஆயத்தப் பையை வாங்கி வளர்த்து, காளானை விற்று இலாபம் பார்ப்பது பெரும்பாலும் இயலாத காரியம். பையின் விலையையும் 380 கிராம் காளானின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இது விளங்கும். அப்படியாயின் இதனால் பிரயோஜனம் என்ன? பை பள்ளிக்கூடம், பண்ணையன்று. ஒரு பையின் விலை பள்ளிச் சம்பளம். அதனைக் கொடுத்து நாம் கற்பது, நம் வீட்டுக் குளிர் போதுமா, நம் கை நீர்தெளிப்பில் அடங்குமா, நாள்தோறும் மூன்று வேளை கவனிக்க நம் வீட்டில் ஆள் உண்டா என்பவையே. இம்மூன்றிற்கும் ஆம் என்று விடை வந்தபின், மூன்று பருவங்களில் மூன்று முறை வளர்த்துப் பார்த்து, கணக்கெழுதி, பிறகு கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நடைபெறும் காளான் பயிற்சியைப் பெற்று, அதன்பின் கொட்டகையைப் பற்றிச் சிந்திக்கலாம்.

11. காட்டுக் காளானைப் பற்றிய எச்சரிக்கை

மழைக்காலத்தில் நம் சோலைகளிலும் பைன், சவுக்கு மரத் தோப்புகளிலும் பலவகைக் காளான்கள் முளைக்கின்றன. வீட்டில் ஒருமுறை காளான் வளர்த்தவருக்கு, காட்டுக் காளானையும் இனங்காணலாம் என்ற தைரியம் வந்துவிடுவதுண்டு. அத்தைரியம் உயிருக்கு ஆபத்து. வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, கறுக்காவிடில் நல்லது என்பதும், பூச்சி தின்ற காளானை மனிதனும் தின்னலாம் என்பதும் முற்றிலும் பொய். கொடிய நஞ்சுக் காளான்கள் சிலவற்றை உண்டபின் ஆறு மணி நேரத்திற்கு மேல் ஒரு குறியும் தோன்றாது. தோன்றும்பொழுது ஈரலைத் தாக்கியிருக்கும். எவரேனும் உண்டதாகத் தெரிந்தால், குறிகள் தோன்றும்வரை காத்திராமல், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வீட்டுப் பையிலேயே வேறு உருவமுள்ள காளான் முளைத்தால் அதனையும் உண்ணலாகாது.

12. சமவெளியார் கவனிக்க

மலையடிவாரத்திலும் சமவெளியிலும் உள்ளவர்கள் மனந்தளர வேண்டுவதில்லை. அவர்களுடைய உஷ்ணத்திற்கென்றே அமைந்தது பால் காளான். மேற்கு வங்கத்தில் கண்டறியப்பெற்று 1974ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட இவ்வகையிலிருந்து, 1998ஆம் ஆண்டில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏபிகே 2 என்னும் இரகத்தை வெளியிட்டது. 25 முதல் 35 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் இது வளரும். வைக்கோலே இதன் ஆகாரம். முன்னர்க் கூறிய அடிவாரத்து நிலச்சுவான்தார் அதே கீற்றுக் கொட்டகையில் இப்பொழுது பால் காளானை வளர்க்கிறார். இம்முறை அவர் பத்துப் பைகளுடனேயே தொடங்கினார். கொட்டகையின் நடுக்கம்பத்தில் ஓர் உஷ்ணமானியும், அதனருகே ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்குகின்றன.

நினைவில் வைக்கவேண்டியவை

(1) முதலில் உஷ்ணமானி, பிறகு பை.

(2) மொட்டுவிட 12 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு. 20 டிகிரியைத் தாண்டும் இடமும் மாதமும் தகா.

(3) நீரைக் காற்றுக்குக் கொடுக்கவேண்டும், காளானுக்குக் கொடுக்கலாகாது.

(4) காலையும் மாலையும் அறைக் காற்றை மாற்றவேண்டும்.

(5) மூன்று நான்கு மொட்டுகளை நிறுத்தி ஏனையவற்றைக் களையவேண்டும்.

(6) குடையின் விளிம்பு உள்வளைந்திருக்கும்பொழுதே அறுக்கவேண்டும்.

(7) காட்டுக் காளானை உண்ணலாகாது.

(8) ஒரு பையில் கற்காத பாடத்தை ஐம்பது பைகளில் கற்க முயலலாகாது.